அமைதியைப் படிக்க யார் போகிறார்கள்?

ரோட்டரி சங்கம் என்றதும் நம் மாவட்டத்தில் நினைவுக்கு வருவது போலியோ சொட்டு மருந்து, ரத்த தான முகாம், அரசுப் பள்ளிக்குத் தந்த மேசை நாற்காலி. அதே சங்க உறுப்பினர்கள் உலகம் முழுவதிலும் இருந்து தரும் நன்கொடையில் 2002 முதல் வேறொரு வேலையும் நடக்கிறது. ரோட்டரி அமைதி ஃபெல்லோஷிப் என்ற பெயரில், மோதல்களைத் தீர்ப்பது பற்றியும் அமைதியை உருவாக்குவது பற்றியும் பல்கலைக்கழகத்தில் படிக்கச் செலவு முழுவதையும் ஏற்கும் திட்டம் அது. நம் சேரிகளிலும் காலனிகளிலும் பட்டம் முடித்த பலருக்கு இதன் பெயர்கூடத் தெரியாது. தெரிய வேண்டிய காரணம் வலுவானது.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு, ஸ்வீடனின் உப்சாலா, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து போன்ற பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டம் படிக்க ஆண்டுக்கு 50 பேர் வரை தேர்வாகிறார்கள். கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, விமானக் கட்டணம், களப் பயிற்சிச் செலவு எல்லாம் திட்டத்திலேயே அடக்கம். வேலையில் இருப்பவர்களுக்கு உகாண்டாவின் மேக்கரேரே பல்கலைக்கழகத்தில் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. புனேயில் உள்ள சிம்பயாசிஸ் பல்கலைக்கழகமும் இப்போது ஒரு மையமாகத் தேர்வாகியிருக்கிறது.

நமக்கென்று அரசு தரும் வெளிநாட்டு உதவித்தொகை இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் மொத்தம் 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. ஆனால் 2022-23 ஆண்டுக்கான விதிமுறையில் ஒரு வரியைச் சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவித்தொகை கிடையாது என்பதே அந்த வரி. 2025-ல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் கொடுத்து, மற்றவர்களுக்கு நிதி இருந்தால்தான் என்று சொன்ன கதையும் நடந்தது.

பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அம்பேத்கர், 1916-ல் அங்கே வாசித்த கட்டுரை இந்தியாவில் சாதிகள் தோன்றிய விதம் பற்றியது. 2022 விதியை அன்றைக்கு வைத்திருந்தால் அந்தத் தலைப்புக்குப் பணம் கிடைத்திருக்காது. நம் பெயரில் உள்ள உதவித்தொகை நம் பிரச்சினையைப் படிக்கத் தடை போட்டது. ரோட்டரி திட்டத்தில் சாதி ஒதுக்கீடு இல்லை; ஆனால் சாதி வன்முறையைப் படிக்க வருகிறேன் என்பவருக்குத் தடையும் இல்லை.

அமைதி என்ற சொல்லை நம் மாவட்டம் எப்படிப் பயன்படுத்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஊரில் மோதல் வந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் நடக்கும். இரு தரப்பும் கையெழுத்துப் போடும். அடிபட்டவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொடுத்த புகாருக்கு ஓர் எதிர்ப் புகார் வரும். பிறகு ராஜியாகப் போகச் சொல்வார்கள். மறுநாள் முதல் ஊர் அமைதியாக இருப்பதாக அறிக்கை போகும். உத்தப்புரம் சுவரும் அப்படி வந்ததுதான். 1989 மோதலுக்குப் பின் ஏற்பட்ட ஒப்பந்தத்தைக் காட்டியே அந்தச் சுவரை நியாயப்படுத்தினார்கள். 2008 மே மாதம் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தச் சுவருக்குப் பெயர் சமாதானம்.

நார்வே அறிஞர் யோகான் கால்டுங் 1969-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். அடிதடி நின்றுபோனால் அது எதிர்மறை அமைதி மட்டுமே. ஒரு மனிதரைத் தாழ்த்தி வைக்கும் ஏற்பாடு நீங்கினால்தான் நேர்மறை அமைதி. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்து ஆண்டுகள் தனித்தொகுதித் தலைவர் பதவிக்கு முறையாகத் தேர்தல் நடத்த முடியாமல் போனதே, அந்த நாட்களில் எல்லாம் அங்கே கலவரமா நடந்தது? கலவரம் இல்லாத நாளிலும் வன்முறை இருந்தது. அமைதிப் படிப்பின் அடிப்படைப் பாடத்தை நம் பிள்ளைகள் வாழ்ந்தே கற்றிருக்கிறார்கள்.

ஆனாலும் தேர்வுக் குழுவின் முன் அந்த அறிவு தாளில் இருக்க வேண்டும். முதுநிலைப் படிப்புக்குப் பட்டத்துடன், தொடர்புடைய துறையில் குறைந்தது மூன்று ஆண்டு முழுநேரப் பணி அனுபவம் கேட்கிறார்கள். சான்றிதழ்ப் படிப்புக்கு ஐந்து ஆண்டு. நம் இளைஞர்களிடம் அனுபவத்துக்குக் குறைவில்லை. சம்பவம் நடந்த ஊருக்கு முதலில் போவது, பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தை எழுதுவது, மருத்துவமனையில் உடன் இருப்பது, நிவாரணத்துக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு அலைவது, மாலை வகுப்பு நடத்துவது என்று ஐந்தாறு ஆண்டுகளைக் கொடுத்தவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்களிடம் நியமன ஆணை இல்லை, சம்பள ரசீது இல்லை, அனுபவச் சான்று இல்லை. நகரத்தில் ஒரு நிறுவனத்தில் இருந்தபடி இதே ஊர்களைப் பற்றி அறிக்கை எழுதியவரிடம் அந்த மூன்றும் இருக்கும். விண்ணப்பத்தில் யார் அமைதிப் பணியாளராகத் தெரிவார் என்பதை இந்தத் தாள்கள் தீர்மானித்துவிடுகின்றன.

இதைச் சரிசெய்யும் வேலை மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது நம் இயக்கங்களும் தொண்டு நிறுவனங்களும். களத்தில் இருப்பவருக்கு ஒரு பொறுப்பின் பெயர், ஆணை, குறைந்தபட்ச ஊதியம், பணிப் பதிவு ஆகியவற்றைக் கொடுப்பது தயவு அல்ல, உழைத்தவரின் உரிமை. இரண்டாவது அரசு. ஆங்கிலத் தகுதித் தேர்வுக்குக் கட்டணமே பதினைந்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. தாட்கோ அறிவித்துள்ள ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி ஆதிதிராவிடர் நல விடுதிகளின் அறிவிப்புப் பலகை வரை வந்து சேர வேண்டும்.

மூன்றாவது, உள்ளூர் ரோட்டரி சங்கங்கள். தகுதியானவர்களைத் தேடிக் கண்டுபிடித்து விண்ணப்பிக்கச் சொல்வதை அவர்களுடைய தலைமையகமே எதிர்பார்க்கிறது. சங்கக் கூட்டம் நடக்கும் ஓட்டல் அரங்கில் அறிவித்தால் அந்த அரங்குக்கு வருபவர்களின் வீடுகளுக்குத்தான் செய்தி போகும். ஆண்டுக்கு ஒருமுறை விடுதியிலும் அரசுக் கல்லூரியிலும் ஒரு விளக்கக் கூட்டம் வைக்கலாம். விண்ணப்பக் கட்டுரையைத் திருத்திக் கொடுக்க உறுப்பினர்களில் இரண்டு ஆசிரியர்களை ஒதுக்கலாம். மேசை நாற்காலி வாங்கும் செலவில் பாதிகூட ஆகாது.

வழக்கமாக பிப்ரவரியில் விண்ணப்பம் திறந்து மே நடுவில் முடிகிறது. படிக்க விரும்புபவர்கள் இந்த மாதமே தங்கள் களப்பணியை ஆண்டு வாரியாக எழுதிவைத்து, உடன் பணியாற்றியவர்களிடம் சான்று வாங்கத் தொடங்கட்டும். அடுத்த முறை நம் மாவட்டத்தில் சமாதானக் கூட்டம் கூடும்போது, மேசையின் அந்தப் பக்கத்தில் இந்தப் படிப்பு முடித்த நம்மவர் ஒருவர் உட்கார்ந்து, ராஜிப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும்.