பயோ பிள்ளைக்குக் கணினி எதற்கு?

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு வன்னியில் வீட்டுக்கு வீடு ஒரு பங்கீடு நடந்துவிடுகிறது. உயிரியல் எடுத்தால் டொக்டர், கணிதம் எடுத்தால் இஞ்சினியர். பயோ பிள்ளை கணக்குப் புத்தகத்தைக் கட்டி வைத்துவிடலாம், மட்ஸ் பிள்ளை செம்பரத்தம் பூவின் குறுக்குவெட்டை மறந்துவிடலாம். கணினி மட்ஸ்காரருக்கும் தொழினுட்பப் பிரிவுக்கும் உரியது. உயிரியல் மனப்பாடத்துக்கு உரியது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பெற்றோர் இதைச் சொல்கிறார்கள், ரியூசன் ஆசிரியர்கள் சொல்கிறார்கள், பாடசாலைகளின் நேரசூசியும் அப்படியே போடப்படுகிறது. இந்த நம்பிக்கை முழுப் பிழை. இதனால் இழப்பது எங்கள் பிள்ளைகள் என்பதால் இதை எதிர்த்து எழுதவேண்டியிருக்கிறது.

பிறப்புரிமையியல் எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். கிரெகர் மெண்டல் 1851 முதல் 1853 வரை வியன்னாப் பல்கலைக்கழகத்தில் பௌதிகமும் கணிதமும் படித்தவர். அவருக்கு முன்னரும் செடிகளைக் கலந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். பேரச்செடிகளில் எது எவ்வளவு என்று எண்ணி, அந்த எண்ணிக்கைக்குள் விதியைத் தேடியவர் அவர்தான். 7,324 பட்டாணி விதைகளில் 5,474 உருண்டையானவை, 1,850 சுருங்கியவை. எங்கள் பிள்ளைகள் ‘மூன்றுக்கு ஒன்று’ என்று பாடமாக்குவது இந்தக் கூட்டல் கழித்தலின் முடிவைத்தான்.

மறக்கப்பட்டிருந்த மெண்டலின் விதிகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த பிறகு ஒரு குழப்பம் எழுந்தது. ஆட்சியான இயல்பு தலைமுறைக்குத் தலைமுறை பெருகி, கடைசியில் முழுச் சனத்தொகையையும் பிடித்துவிடாதா? கேம்பிறிட்ஜில் உயிரியலாளர் புனற் இந்தக் கேள்வியைத் தன்னோடு கிரிக்கெட் விளையாடும் கணிதவியலாளர் ஒருவரிடம் கொண்டுபோனார். அவர் ஹார்டி. பின்னர் 1914இல் எங்கள் இராமானுஜனைக் கேம்பிறிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டி. 1908இல் அவர் எழுதிய ஒரு சிறு கடிதம் சந்தேகத்தைத் தீர்த்தது: வேறு காரணங்கள் குறுக்கிடாவிட்டால் விகிதம் மாறாமலே நிற்கும். அதே ஆண்டில், ஹார்டியை அறியாமலே, ஜேர்மனியில் வைன்பேர்க் அதே முடிவுக்கு வந்தார். வைன்பேர்க் யார்? நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டொக்டர். டொக்டருக்குக் கணக்குத் தேவையில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லும் ஒவ்வொருவரும் இந்தப் பெயரை ஒருமுறை நினைக்கவேண்டும். இன்று உயிரியல் நூல்களில் ஹார்டி–வைன்பேர்க் கோட்பாடு என்று இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கின்றன.

கணினியின் கதையும் இதுதான். கேம்பிறிட்ஜில் எட்சாக் என்ற கணினி 1949 மே மாதம் இயங்கத் தொடங்கியது. ஓர் அறையை நிறைத்த அந்த இயந்திரத்தில், அடுத்த ஆண்டே, ஒரு நிலப்பரப்பில் பரம்பரை அலகின் வீதம் இடத்துக்கு இடம் எப்படி மாறும் என்று பிறப்புரிமையியலாளர் றொனால்ட் பிஷர் எழுதிய ஆய்வுக்கான சமன்பாட்டைத் தீர்த்தார்கள். உயிரியலுக்காகக் கணினி ஒன்று வேலை செய்த முதல் தடவை அது என்று சொல்லப்படுகிறது. அந்தக் கணினி பிறந்த மறுவருடமே பிறப்புரிமையியலுக்கு உழைத்திருக்கிறது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நாங்கள் இரண்டையும் வேறு வேறு கட்டடத்தில் வைத்துப் பூட்டிக்கொண்டிருக்கிறோம்.

இனி வகுப்பறைக்கு வருவோம். உயர்தர உயிரியல் வகுப்பில் செய்யக்கூடிய ஒரு செயற்றிட்டம் இது. தலசீமியா என்ற பரம்பரை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். தாயும் தந்தையும் இருவருமே காவிகள். அவர்களுக்கு நோய் இல்லை. ஆளுக்கொரு நல்ல அலகும் ஒரு பழுதான அலகும் உண்டு. பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. இதைக் கேட்டவுடன் எங்கள் சனம் என்ன விளங்கிக்கொள்கிறது? நாலு பிள்ளை பெற்றால் ஒன்றுக்கு வரும், மூன்று தப்பும் என்று. மூத்ததுக்கு வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நம்பி அடுத்த பிள்ளையைப் பெறும் பெற்றோர் இருக்கிறார்கள். புனற் சதுரத்தை அழகாகக் கீறி முழுப் புள்ளி வாங்கிய மாணவியின் மனதிலும் இதே எண்ணம்தான் கிடக்கிறது, ஏனென்றால் அந்தச் சதுரத்தில் நாலு பெட்டி இருக்கிறது.

அவள் கையில் முதலில் இரண்டு நாணயங்களைக் கொடுங்கள். ஒன்று தாய், ஒன்று தந்தை. தலை விழுந்தால் நல்ல அலகு, பூ விழுந்தால் பழுதான அலகு. இரண்டையும் சேர்த்துச் சுண்டினால் ஒரு பிள்ளை. நாலு தரம் சுண்டினால் ஒரு குடும்பம். பத்துக் குடும்பம் ஆகும்போது கை சலிக்கும். அந்த இடத்தில்தான் செய்நிரல் வரவேண்டும். இரண்டு அலகில் ஒன்றை எழுமாறாக எடு, இரு பெற்றோருக்கும் அப்படிச் செய், நாலு பிள்ளை வரும்வரை திருப்பிச் செய், நோயுள்ளவர்களை எண்ணு, ஆயிரம் குடும்பத்துக்கு இதை நடத்து. பைதன் என்ற நிரல்மொழியில் இருபது வரி கூட வராது.

வரும் விடை அவளைத் திடுக்கிட வைக்கும். ஆயிரம் குடும்பங்களில் ஏறத்தாழ 422இல் மட்டுமே சரியாக ஒரு பிள்ளைக்கு நோய். சுமார் 316 குடும்பங்களில் ஒருவருக்கும் இல்லை. 211 குடும்பங்களில் இரண்டு பேருக்கு. 47 குடும்பங்களில் மூன்று பேருக்கு. நாலு பிள்ளைகளுக்கும் நோய் வந்த குடும்பம் நாலைந்து. நிரலை மறுபடி ஓட்டினால் எண்கள் கொஞ்சம் அசையும், கோலம் மாறாது. மூத்ததுக்கு நோய் வந்த குடும்பங்களை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டாவது பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் நாலில் ஒன்றுதான். முதற் பிள்ளைக்கு நடந்தது இரண்டாவது பிள்ளையின் கருவுக்குத் தெரியாது. எந்தப் பாடக்குறிப்பும் இதை இவ்வளவு ஆழமாக ஒருத்தியின் மனதில் பதிக்காது. அந்த எண்களை வரவழைத்தது அவள் எழுதிய நிரல். மாதா மாதம் இரத்தம் ஏற்றியே உயிர் வாழும் நோய் இது. ஓர் இரத்தப் பரிசோதனையில் காவி யாரென்று தெரிந்துவிடும். அதைக் கலியாணத்துக்கு முன்பே செய்யவேண்டும் என்று ஊரில் எடுத்துச் சொல்ல, விளங்கிப் படித்த பிள்ளையால்தான் முடியும்.

அதே நிரலைச் சிறிது நீட்டினால் மச்சான் மச்சாள் கலியாணத்தையும் ஆராயலாம். சொந்தத்துக்குள் கட்டினால் ஒன்றும் ஆகாது என்று ஒரு பக்கம், கட்டாயம் ஊனமாய்ப் பிறக்கும் என்று மறுபக்கம், இரண்டு கட்சியும் ஊரில் உண்டு. பாட்டன் பாட்டியிடமிருந்த ஒரே அலகின் இரு பிரதிகள் அப்படிப்பட்ட பிள்ளையில் சேரும் வாய்ப்பு, எந்த ஓர் அலகிடத்தை எடுத்தாலும், பதினாறில் ஒன்று. பூச்சியமும் இல்லை, விதியும் இல்லை.

நெல்லுக்கு வாருங்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு விதைநெல்லைப் பற்றிப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். இரண்டு இனத்தைக் கலந்து பெறும் முதல் தலைமுறையில், பெற்றோர் இருவரும் வேறுபடும் அலகுகள் எல்லாமே கலப்பாக இருக்கும். அடுத்த தலைமுறையில் பாதி, அதற்கடுத்ததில் கால். ஆறு தரம் தன்மகரந்தச் சேர்க்கை நடந்தால் கலப்பு 64இல் 1 ஆகச் சுருங்கிவிடும். புதிய நெல்லினம் ஒன்று நிலைப்பட ஏன் இத்தனை போகம் காத்திருக்கவேண்டும் என்பதற்கு இதுதான் விடை. காலபோகமும் சிறுபோகமும் தவறாமல் செய்தாலும் மூன்று வருடம். கணினியில் அது ஒரு நொடி. மொட்டைக்கறுப்பன் நெல்லை ஒரு சின்னப் பாத்தியில் மட்டும் வைத்து, சில கதிர்களை மட்டும் விதைக்கு எடுத்துவந்தால் அதற்குள் இருந்த வேற்றுமைகள் எப்படித் தொலைகின்றன என்பதையும் அந்த நிரலே காட்டும். வன்னியின் மண்ணுக்கு இதைவிட நெருக்கமான கணினிப் பாடம் எது?

எதிர்ப்பவர்கள் முதலில் பரீட்சையைக் காட்டுகிறார்கள். பல்கலைக்கழக அனுமதியை இசட் புள்ளி தீர்மானிக்கும் காலத்தில் செயற்றிட்டத்துக்கு எங்கே நேரம் என்கிறார்கள். நான் கேட்பது ஆறு பாடவேளை. நாணயத்துக்கு இரண்டு, நிரலுக்கு இரண்டு, வந்த எண்களைப் பேசி விளங்க இரண்டு. பிறப்புரிமையியல் கணக்கு என்றவுடன் பயந்து விட்டுவிட்டு மற்ற வினாக்களுக்கு ஓடும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உயிரியல் ஆசிரியர்களுக்கே தெரியும். அந்தப் பயத்தை நீக்க ஆறு பாடவேளை அதிகமில்லை.

அடுத்து, கணினி வசதி இல்லை என்கிறார்கள். எட்சாக்கின் நினைவகம் சில கிலோபைட்டுகள்தான். கொரோனாக் காலத்தில் இணைய வகுப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய மலிவுத் தொலைபேசி அதைவிடப் பல இலட்சம் மடங்கு பெரியது. அதில் பைதன் ஓடும். தொலைபேசி இல்லாத வீடுகள் வன்னியில் நிறைய உண்டு என்பதும் உண்மை. அதனால்தான் இது ரியூசன் கொட்டிலில் நடக்காமல் பாடசாலையில் நடக்கவேண்டும் என்கிறேன். இயங்கும் கணினி ஒன்றே ஒன்று இருந்தாலும் முப்பது பிள்ளைகள் சுற்றியிருந்து ஒரு நிரலை எழுதலாம்.

மூன்றாவது வாதம்தான் எனக்குக் கோபம் வரவைப்பது. “எங்கட பிள்ளையள் போரால பின்தங்கினவை, முதல்ல பாஸ் பண்ணட்டும், மற்றதெல்லாம் கொழும்புப் பிள்ளையளுக்கு.” இரக்கத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று பல்கலைக்கழக அனுமதியில் ஒதுக்கிய இடங்கள், சமமில்லாத வசதிகளுக்கு ஈடாக வந்தவை. அந்த ஒதுக்கீட்டைக் காட்டி, வகுப்பறையில் கற்பிப்பதையும் குறைத்துவிடுவது அநியாயம். குறைந்த வெட்டுப்புள்ளியோடு உள்ளே போகும் பிள்ளை, அங்கே கொழும்புப் பிள்ளைக்குப் பக்கத்தில்தான் இருக்கப்போகிறது. அங்கே உயிரியலும் கணினியும் பிரிந்திருப்பதில்லை. கொரோனா வைரஸின் மரபுக்குறியீட்டின் ஏறத்தாழ 30,000 எழுத்துகளை வரிசைப்படுத்தி, நாட்டுக்குள் வந்த திரிபு எதுவென்று சிறீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தபோது, அந்த எழுத்துகளை ஒப்பிட்டவை கணினிகள். அந்தக் குழுவை நடத்திய நீலிகா மலவிகே ஒரு மருத்துவர். மருத்துவ பீடம் கிடைத்த பயோ பிள்ளைக்கும் வேலை இப்படித்தான் இருக்கப்போகிறது, கிடைக்காத பிள்ளைக்கும் இப்படித்தான்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்துக்குள் உயிர் விஞ்ஞானத் துறையும் பௌதிக விஞ்ஞானத் துறையும் பக்கத்தில் பக்கத்தில். அங்கே இல்லாத மதில் துணுக்காயிலும் வவுனியா வடக்கிலும் பாடசாலைக்குள் ஏன்? உயிரியல் ஆசிரியைக்கு நிரல் தெரியாமல் இருக்கலாம். கணினி ஆசிரியருக்குத் தலசீமியா தெரியாமல் இருக்கலாம். இருவரும் இடைவேளையில் ஒரே ஆசிரியர் அறையில்தான் தேநீர் குடிக்கிறார்கள். உயர்தரக் கணினிப் பாடத்திட்டத்தில் பைதன் ஏற்கெனவே இருக்கிறது. பிறப்புரிமையியல் உயிரியல் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அடுத்த தவணை நேரசூசி போடும்போது இந்த இருவருக்கும் ஒரே வகுப்பில் ஆறு பாடவேளை சேர்த்துக் கொடுக்க அதிபருக்கு அமைச்சின் சுற்றறிக்கை தேவையில்லை.