செல்லாத பணமும் கருணாபுரமும்

இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலைப் பற்றிச் சொல்லப்படும் புகார் ஒன்று உண்டு: கதையில் ஆறுதலே இல்லை. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது பெற்ற நாவல். புகார் நியாயமானதுதானா?

கதை சின்னதுதான். என்ஜினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியை வீட்டை மீறிக் கட்டிக்கொள்கிறாள். அடி, உதை. ஆனாலும் அவனை விட்டு வருவதில்லை. (ஏன் என்று பெற்றவளுக்கே புரியவில்லை, வாசகருக்கு எங்கே புரியும்!) கடைசியில் தீக்காயத்தோடு ஜிப்மர். கொளுத்தினானா, கொளுத்திக்கொண்டாளா என்று நாவல் தீர்ப்புச் சொல்வதில்லை. வார்டு வாசலில் காத்திருக்கும் குடும்பத்தைத்தான் பக்கம் பக்கமாகக் காட்டுகிறது. அப்பாவிடம் பணம் இருக்கிறது. அதனால் ஆகக்கூடியது எதுவுமில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். சிலரைக் கொண்டுபோனதும் இதே ஜிப்மருக்குத்தான். அரசு தலைக்கு 10 லட்சம் அறிவித்தது. குடிகாரனுக்கு எதற்குப் பணம் என்று ஊரெல்லாம் பேச்சு. குடித்த புருஷனைத் திட்டிக்கொண்டே அவனுக்காக அழும் பெண்ணை அந்தப் பேச்சில் யாரும் பார்க்கவில்லை. பக்கத்துக் கல்வராயன் மலைக்காரர்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க எடுத்ததே அதற்குப் பிறகுதான்.

'அவனை ஏன் விட்டு வரவில்லை' என்று ரேவதியைக் கேட்பதும் அதே பேச்சுதான். காயம் ஆற வேண்டுமானால் முதலில் இந்தக் கேள்வி நிற்க வேண்டும். இமையம் அதைக் கேட்கவில்லை. ஆறுதல் தேடுபவர்கள் அந்த இடத்தில் தேடிப் பார்க்கலாம்.