அபிவிருத்திக் கல்வியும் உருத்திரபுரத்து வாய்க்காலும்

'சர்வதேச அபிவிருத்தி' என்னும் தொடரின் முதற்சொல் ஆராயப்படவேண்டியது. கிளாஸ்கோ நகரின் வறிய குடியிருப்புகளுக்கு வீடு வழங்கப்படின் அது நகராட்சிப் பணி எனப்படுகின்றது. கிளிநொச்சி மாவட்டத்து உருத்திரபுரத்தில் வாய்க்கால் ஒன்று திருத்தப்படின் அது சர்வதேச அபிவிருத்தியாகிவிடுகின்றது. இருந்த இடத்தைவிட்டு அசையாமலே ஓர் ஊர் சர்வதேசமாகும் விந்தை எங்ஙனம் நிகழ்கின்றது? பார்ப்பவன் தொலைவில் நிற்கின்றான் என்பதன்றி வேறு விடையில்லை. அத்தொலைவைப் பாடமாக்கிய துறைகள் மேனாட்டில் இருப்பது வியப்பன்று. இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் அதே தொலைவில் நின்று கற்பிப்பதே கண்டனத்துக்குரியது.

1949 இல் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தமது பதவியேற்புரையில் பின்தங்கிய நாடுகளுக்குத் தொழினுட்ப உதவி என்ற கருத்தை முன்வைத்தார். 1960 இல் ரொஸ்ரோவின் வளர்ச்சிப் படிநிலைக் கோட்பாடு நூலாயிற்று. 1966 இல் சசெக்ஸில் அபிவிருத்திக் கற்கை நிறுவனம் தோன்றியது. இவை எல்லா வகுப்பறைகளிலும் ஒப்புவிக்கப்படும் செய்திகள். அந்நிறுவனத்தின் முதல் இயக்குநரான டட்லி சியர்ஸ், வறுமையும் வேலையின்மையும் சமத்துவமின்மையும் குறையாதவிடத்து வருமான உயர்வை அபிவிருத்தி எனலாகாது என 1969 இல் வாதிட்டவர். சர்வதேசத் தொழில் தாபனத்தின் ஆய்வுக்குழுவுக்குத் தலைமைதாங்கி அவர் 1971 இல் வந்தது இலங்கைக்கே. ஆராய்ந்தது கற்ற இளைஞரின் வேலையின்மையை. உலர்வலயக் குடியேற்றங்களை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பாமரின் பெருநூல் 1957 இல் வெளிவந்தது. கச்சாப்பொருள் இங்கிருந்து சென்று முடிவுப்பொருளாய் விலைக்குத் திரும்பும் வாணிபம் தேயிலையோடும் இறப்பரோடும் நின்றுவிடவில்லை.

உருத்திரபுரம் அத்தகைய குடியேற்றங்களுள் ஒன்று. குடாநாட்டில் நிலமற்றிருந்தோர் காடழித்து, இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் கழனியாக்கிய மண் அது. காலபோகத்துக்கு மாரி துணைநிற்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் எஞ்சிய நீரே கதி. எத்தனை ஏக்கர் விதைப்பது, எவருக்கு எவ்வளவு பங்கு, எந்நாளில் மதகு திறப்பது என்பனவெல்லாம் மாவட்டச் செயலர் தலைமையிலான கூட்டத்தில், கமக்காரர் அமைப்புகள் வாதாடியபின் முடிவாகின்றன. தலைவாய்க்காலருகே வயலுடையோனும் கடைவாய்க்காலில் நீருக்குக் காத்திருப்போனும் அங்கு ஒரே குரலிற் பேசுவதில்லை. உறுதி உள்ளவனுக்கும் குத்தகைக்குச் செய்பவனுக்கும் நலன் ஒன்றன்று. தன் பெயரில் காணியற்ற விதவைக்கு அக்கூட்டத்தில் என்ன இடம்? பொதுவளம், நிறுவனம், வர்க்கம், பால்நிலை என்று பிறமொழி நூல்களில் மாணவர் அடிக்கோடிடும் அத்தனையும் அக்கூட்டத்தில் உயிரோடு உலவுகின்றன. அதனை ஒருமுறையேனும் காணாது அபிவிருத்தியிற் பட்டம் பெறுதல் இங்கே இயலும்!

இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் குடிநீராய்க் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 இல் கடன் வழங்க இசைந்தது. நிலத்தடி நீர் மாசுற்ற யாழ்ப்பாணத்தின் தேவை பொய்யன்று. சிறுபோகம் பாழாகுமென்ற வன்னிக் கமக்காரரின் அச்சமும் பொய்யன்று. எதிர்ப்பு வலுக்கவே திட்டம் மாறியது. தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. வங்கிக்கும் மக்களுக்கும் இடையிலான எளிய பிணக்காக இதனைக் காட்டுவோர் பாதியையே சொல்கின்றனர். குடாநாட்டிலிருந்து நிலம் தேடிப் போனோரின் வழித்தோன்றல்களும் குடாநாட்டிலேயே தங்கியோரும் ஒரே நீருக்கு எதிரெதிர் நின்றனர் என்பதே இதிற் கசப்பான பாடம்.

இதற்குப் பதிலாகக் கற்பிக்கப்படுவது யாது? பயனாளி, பங்கேற்பு, வலுவூட்டல், நிலைபேறு என்னும் சொல்லடுக்கும், திட்ட முன்மொழிவின் கட்டங்களை நிரப்பும் பயிற்சியுமே. 2008 செப்ரெம்பரில் அரசின் கட்டளைப்படி தொண்டு நிறுவனங்கள் வன்னியைவிட்டு வெளியேறியபோது, 'பயனாளிகள்' போகவேண்டாமென வாயிலில் நின்று மன்றாடினர். பங்கேற்பின் எந்த அளவுகோல் அம்மன்றாட்டத்தை அளந்தது? பிரித்தானியாவின் சர்வதேச அபிவிருத்தித் திணைக்களம் 2020 இல் வெளியுறவு அமைச்சுள் அடங்கிற்று. அமெரிக்க உதவி முகவரகம் 2025 இல் கலைக்கப்பட்டது. அந்நிறுவனங்களுக்கு ஊழியரை ஆக்குவதே நோக்கமெனின், இப்பாடவிதானம் இன்று எவருக்காக?

இது கிணற்றுத் தவளை வாதமென்பர் சிலர். உலகை மறக்குமாறு எவரும் கூறவில்லை. வங்கியின் கடன் ஒப்பந்தமும் உலகச் சந்தையில் உரவிலையும் அறியாதவன் உருத்திரபுரத்து நெற்கணக்கையும் அறியான். எங்கிருந்து தொடங்குவது என்பதே வினா. விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இயங்குகின்றன, குளம் தொலைவிலில்லை. சமூக விஞ்ஞான மாணவரை ஒரு சிறுபோகக் கூட்டத்துக்கு அனுப்பி, அதன் வாதங்களைத் தமிழில் எழுதுவித்து, அதற்குப் புள்ளி வழங்குதற்கு எந்த வங்கியின் கடனும் வேண்டுவதில்லை. இறுதித் தேர்வில், குளத்து நீர்மட்டத்தைத் தந்து, கடைவாய்க்காலின் வயல்களுக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்கும் வினா ஒன்று இடம்பெறட்டும். ரொஸ்ரோவின் படிநிலைகளை ஒப்புவிப்போரில் எத்தனைபேர் அதற்கு விடையெழுதுவர் என்பதை விரிவுரையாளரே கண்டுகொள்ளலாம்.