முயற்கூட்டுக்கு ஒரு மருந்துப் பெட்டி

பசுவுக்கு வயிறு ஊதினால் என்ன செய்வது, கோழிக்கு நோய் கண்டால் எதைக் கொடுப்பது, ஆடு ஈன முடியாமல் அவதிப்பட்டால் யாரை அழைப்பது என்பனவெல்லாம் எமது கிராமங்களிலே வீட்டுக்கு வீடு பாட்டிமார் அறிந்த விஷயங்கள். முயலைப் பற்றிக் கேட்டால் மாத்திரம் பாட்டியார் வாய் திறவார். காரணம் எளிது. எமது பற்றைகளுக்குள் ஓடித் திரியும் காட்டுமுயல் வேறோர் இனம். கூட்டில் வளர்க்கும் முயலோ ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையிலிருந்து உலகெங்கும் பரவியது. எமது வளவுக்குள் அது பிந்தி வந்த விருந்தாளி. ஆகையால் அதற்கெனப் பரம்பரையாக வந்த கைமருந்து எதுவும் எம்மிடம் இல்லை.

தொண்டைமானாற்றிலே வேப்பமர நிழலில் கூடு அமைத்து, பிள்ளைகளின் விளையாட்டுக்காக ஒன்றிரண்டு முயல்களை வளர்ப்போரும் உளர். குட்டிகளை விற்று வீட்டுச் செலவுக்குக் கை கொடுக்கட்டும் என்று பத்துப் பன்னிரண்டாக வளர்ப்போரும் உளர். இரு சாராருக்கும் இடர் ஒன்றே. அரசாங்க மிருக வைத்தியரை அலுவலக நேரத்திலே காணலாம். முயலோ பெரும்பாலும் சனிக்கிழமை மாலையிலேதான் நோயில் விழுகின்றது. மிருக வைத்தியம் கற்பிக்கும் பீடமும் அதன் வைத்தியசாலையும் பேராதனையில் உள்ளன. திங்கட்கிழமை காலை வரை அந்தச் சிறு பிராணியின் உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டியது வீட்டிலுள்ளோரின் பொறுப்பாகி விடுகின்றது. அதற்குத்தான் மருந்துப் பெட்டி.

முயல் தன் நோயை ஒளிக்கும் பிராணி. நரிக்கும் பருந்துக்கும் இரையாகும் இனமாதலால், நோயாளி என்று காட்டிக்கொள்வது அதன் இயல்புக்கு ஒவ்வாது. நாய் முனகும்; ஆடு கத்தும்; முயல் கூட்டின் மூலையிலே வாளாவிருக்கும். ஆகவே இரண்டே அடையாளங்களை நாம் நம்ப வேண்டும். ஒன்று, தீன் தின்னாமை. மற்றது, கூட்டின் கீழே புழுக்கை விழாமை. முயலின் குடல் ஓயாது இயங்க வேண்டிய யந்திரம். புல்லிலுள்ள நார் அதனைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது. எனவே தீன் நின்றால் குடல் மந்தமாகும். குடல் மந்தமானால் காற்றுச் சேர்ந்து வலிக்கும். வலித்தால் மேலும் தின்னாது. பன்னிரண்டு மணித்தியாலம் முயல் எதையும் தின்னாதிருந்தால் அதனை அவசர நோயாகவே கொள்ள வேண்டும். மாட்டைப் போல "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்டுவைக்கலாகாது.

பெட்டிக்குள் எதை வைப்பது என்று சொல்லுமுன் எதை வைக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகின்றோம். எமது அபிப்பிராயத்தில் இதுவே முக்கியமான பாகம். எமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் பள்ளிக்கூடம் செல்லும் சிறுமி ஒருத்தி வெள்ளை முயலொன்றை வளர்த்து வந்தாள். முயலுக்குத் தும்மல் கண்டது. வீட்டிலே பிள்ளைக்குக் கொடுத்து மிஞ்சிய அமொக்சிசிலின் பாணி மருந்து இருந்தது. குழந்தைக்குச் சுகம் தந்த மருந்து முயலுக்கும் சுகம் தரும் என்று எண்ணி, பெரியவர்கள் அன்போடு பருக்கினார்கள். மூன்றாம் நாள் நீர்போலக் கழிந்தது. ஐந்தாம் நாள் முயல் இறந்தது. தும்மல் கொல்லவில்லை, மருந்தே கொன்றது.

முயலின் பெருங்குடற் பையிலே நார்ப்பொருளைப் புளிக்க வைக்கும் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. பெனிசிலின் குடும்பத்து மருந்துகளை வாயால் கொடுக்கும்போது அவை இந்த நல்ல கிருமிகளை அழித்துவிட, நஞ்சு சுரக்கும் வேறு கிருமிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கிளின்டாமைசின் என்னும் மருந்தும் இத்தகையதே. ஒக்ஸ்போர்ட்டிலே ஹோவார்ட் ஃபுளோரியும் அவர் தோழர்களும் 1940 மே 25 ஆம் திகதி பெனிசிலினை எட்டுச் சுண்டெலிகளைக் கொண்டு பரீட்சித்து வெற்றி கண்டனர். முயலைப் போலவே இம்மருந்தைத் தாங்கமாட்டாத கினிப்பன்றிகளுக்கு அது நஞ்சாவது 1943 இல் வெளியாயிற்று. அன்று சுண்டெலிக்குப் பதிலாகக் கினிப்பன்றியைத் தெரிந்தெடுத்திருந்தால் உலகம் அம்மருந்தையே ஒதுக்கி வைத்திருக்கவும் கூடும்! ஆகவே மனிதருக்கு வாங்கிய எந்தக் கிருமிகொல்லிக் குளிசையும் முயற்பெட்டிக்குள் வரலாகாது. நாயின் தெள்ளுக்கும் உண்ணிக்கும் முதுகிலே விடும் ஃபிப்ரோனில் என்னும் திரவமும் முயலுக்கு ஆகாது. மனிதர் சிரங்குக்குப் பூசும் ஸ்டீரொயிட் கலந்த களிம்பை முயல் நக்கி விழுங்கிவிடுமாதலால் அதனையும் விலக்குக.

இனிப் பெட்டிக்கு வருவோம். முதலாவது பொருள் மருந்தன்று, தராசு. அடுப்படியில் மா நிறுக்கும் சிறு தராசே போதும். முயலின் எந்த மருந்தும் நிறைக்கு ஏற்ற அளவிலேயே கொடுக்கப்படுவதனால், நிறை தெரியாமல் வைத்தியரும் தொலைபேசியில் ஒன்றும் சொல்ல இயலாது. கிழமைக்கு ஒரு முறை நிறுத்து ஒரு கொப்பியில் எழுதி வருவீர்களாயின், நோய் வெளியே தெரியுமுன் நிறைக் குறைவே உங்களுக்கு அறிவித்துவிடும். அடுத்தது வெப்பமானி. முயலின் உடல்வெப்பம் 101 முதல் 103 பாகை ஃபரனைட் வரை இருப்பது இயல்பு. 100 பாகைக்குக் கீழே இறங்கினால் வெந்நீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றி அருகே வைத்துச் சூடேற்ற வேண்டும். மனிதருக்குப் பாவித்த வெப்பமானியை முயலுக்கும், முயலுக்குப் பாவித்ததை மனிதருக்கும் மாற்றிக்கொள்ளாதிருப்பது நன்று என்பதை இல்லத்தரசிகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

ஊசியில்லாத சிறிஞ்சுகள் சில, ஒரு மில்லிலீற்றரிலும் பத்து மில்லிலீற்றரிலும் வேண்டும். தின்னாத முயலுக்கு அதன் வழக்கமான தீனை மாவாக அரைத்து, இளஞ்சூட்டு நீரிற் கூழாகக் கரைத்து, முன்பற்களுக்குப் பின்னாலுள்ள பக்க இடைவெளியால் சிறிது சிறிதாக ஊட்டலாம். ஒரு கிலோ நிறைக்கு ஒரு தடவை 10 மில்லிலீற்றர்; நாளுக்கு நாலைந்து தடவை. தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் கூழ் சுவாசப்பைக்குள் போய்விடும். வயிறு பறை போல விறைத்து ஊதியிருந்தால் ஊட்டவே கூடாது; குடல் அடைபட்டிருக்கக் கூடுமாதலால் அந்த முயலை உடனே வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். குழந்தைகளின் வயிற்றுப் பொருமலுக்கு விற்கும் சிமெதிகோன் துளிகளையும் பலர் வைத்திருப்பர். அதனாற் பெரும் பலன் உண்டென்று வைத்தியர் எல்லோரும் ஒப்புவதில்லை. எனினும் தீங்கில்லாத பொருள். வைத்திருப்பதற்கு நாம் தடை சொல்லோம்.

காயத்துக்கு: சுத்தமான கட்டுத்துணி, மழுங்கிய நுனியுள்ள கத்தரி, சாவணம், கையுறை, பொவிடோன் அயடின். அயடினை நீர்த்த வெறுந்தேநீரின் நிறம் வரும்வரை கொதித்தாறிய நீர் கலந்தே பாவிக்க வேண்டும். புண் கழுவ உப்புநீர் போதும். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி, அதாவது 9 கிராம் உப்பு. நகம் வெட்டும்போது இரத்தம் கசிந்தால் சோளமாவை ஒரு சிட்டிகை அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். பழைய துவாய் ஒன்று அவசியம். முயலைத் துவாயில் இறுகச் சுற்றிப் பிடியாவிட்டால் அது பின்காலால் உதைத்துத் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

எமது குடாநாட்டில் மருந்தைக் காட்டிலும் வெக்கைதான் முயலுக்குப் பெரிய சோதனை. தமிழகத்திலே முயலினப் பெருக்கத்துக்குப் பேர்பெற்ற நிலையங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்: கொடைக்கானலை அடுத்த மன்னவனூரிலும் நீலகிரியிலுள்ள சாண்டிநல்லாவிலும். குளிர்ந்த மலைப்பிரதேசத்தைத் தேடிப்போய் வைத்திருக்கின்றனர். நாமோ பங்குனி, சித்திரை வெயிலிலே தகரக் கூரையின் கீழ் வைக்கின்றோம்! முயலுக்கு வியர்ப்பது மிகச் சொற்பம். அதன் நீண்ட காதுகளே வெப்பத்தை வெளியேற்றும் வழி. வாய் திறந்து மூச்சு வாங்கி, உமிழ்நீர் வடிந்து, காதுகள் செந்நிறமாகக் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. உடனே நிழலுக்கு எடுத்துச் சென்று, சாதாரண கிணற்று நீரில் நனைத்த துணியினாற் காதுகளைத் துடைத்துக் காற்று வீச வேண்டும். ஐஸ் நீர் ஆகாது. அது காதின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். முயலை நீருக்குள் அமிழ்த்துவதும் ஆகாது. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டார் இரண்டு போத்தல்களில் நீரை உறைய வைத்து, மதிய வேளையிற் சாக்கிற் சுற்றிக் கூட்டுக்குள் வைக்கலாம். முயல் அதில் முதுகைச் சாய்த்துப் படுத்துக்கொள்ளும். கூட்டுக்குக் கிடுகுக் கூரை வேய்ந்து, மேலே நனைந்த சாக்கு விரித்துவிட்டால் பெட்டியைத் திறக்க வேண்டிய தேவையே பாதியாகக் குறையும்.

மாரி வந்தால் நோயின் முகம் மாறுகின்றது. கூடு ஈரமாகி, காதுக்குள் உண்ணி பற்றித் தடித்த பொருக்குக் கட்டும். மூக்கிலும் நகத்தடியிலும் சொறி காணும். பொருக்கை உரித்தெடுக்க முயலாதீர்கள். அது பொறுக்க முடியாத வலி தரும். ஐவர்மெக்டின் என்னும் மருந்தை மிருக வைத்தியர் நிறைக்கேற்ப ஏற்றினால் பொருக்குத் தானே உதிரும். மாட்டுக்கென வரும் அம்மருந்து செறிவு மிக்கதாகையால் கண்ணளவாக வீட்டிலே ஏற்றுவது விபரீதம். பால் மறந்த குட்டிகளுக்கு வயிறு பருத்துக் கழிச்சல் கண்டால் அது பெரும்பாலும் கொக்சீடியா நோய். அதற்குரிய சல்ஃபா மருந்தை மாரிக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டு, அளவையும் எழுதி வாங்கி வைத்தல் புத்தி. ஈரமான பின்புறத்திலே ஈ முட்டையிட்டுப் புழு வைத்தால், சாவணத்தாற் புழுக்களை அகற்றி, உப்புநீரிற் கழுவி, அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நாய் கடித்த முயலைக் கையுறையோடு தொடுங்கள். சிறு துளையாகத் தோன்றும் பற்காயம் உள்ளே ஆழமானது. சவர்க்கார நீரிலே பதினைந்து நிமிடம் கழுவி, இருட்டான அமைதியான பெட்டியில் வைத்துக் கொண்டு செல்க. விசர்நாய் என்று ஐயமிருந்தால் வைத்தியரிடமும் அதனைச் சொல்க. 1885 ஜூலை 6 ஆம் திகதி ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை விசர்நாய்க்கடியிலிருந்து காக்க லூயி பாஸ்டர் தந்த மருந்து, முயலின் முண்ணாணை உலர்த்திச் செய்யப்பட்டது. மனித குலம் முயலுக்குப் பட்ட கடன் அது.

பெட்டியை எங்கே வைப்பது? தொண்டைமானாற்றின் உப்புக்காற்று தகரப் பெட்டியை ஓராண்டிலே துருப்பிடிக்கச் செய்துவிடும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியே உகந்தது. அடுப்பருகே வேண்டாம், பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடமும் வேண்டாம். மூடியின் உட்புறத்திலே வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தையும் ஒவ்வொரு மருந்தும் காலாவதியாகும் மாதத்தையும் எழுதி ஒட்டுக. 1990 ஆம் ஆண்டிலிருந்து குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் இருந்த காலத்தையும், 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டதையும், 2008 நவம்பரிலே நிஷா புயலின் வெள்ளம் பாதைகளை மூடியதையும், 2022 இல் எரிபொருளுக்கு நீண்ட வரிசையில் நின்றதையும் அறிந்தவர்களுக்கு, மருந்து வேண்டும்போது வாங்கலாம் என்று நாம் சொல்லத் துணியோம்.

வைத்தியரிடம் போகும்போது முயலைக் காற்றோட்டமுள்ள கூடையில் வைத்து, ஈரத்துணியால் மூடித் துவிச்சக்கரவண்டியிற் கட்டிக்கொண்டு செல்லலாம். கடைசியாகக் கிடைத்த புழுக்கை சிலவற்றைக் கடதாசியில் மடித்து எடுத்துச் செல்லுங்கள். நிறை எழுதிய கொப்பியும் உடன் போகட்டும்.

இன்னுமொன்று. நோய் வந்த அன்று முதன்முதலாகச் சிறிஞ்சைக் காணும் முயல் மிரண்டு வாயை இறுக மூடிக்கொள்ளும். சுகமாயிருக்கும் காலத்திலேயே கிழமைக்கு ஒரு தடவை, நிறுக்கும் நாளில், கரட்சாறு கலந்த நீர் சிறிதளவை அதே சிறிஞ்சாற் பருக்கிப் பழக்குக. இரண்டு மாதத்திலே சிறிஞ்சைக் கண்டதும் அது தானே ஓடிவந்து வாயைத் திறக்கும்.