பேசாத வில்லன்

ஒரு வில்லன். 2014-ம் ஆண்டு முதல் 2019-ம் ஆண்டு வரை டெலிவிஷனில் வந்தான். ஆயிரக்கணக்கான பேரைக் கொன்றான். செத்தவர்களை எழுப்பித் தன் படையில் சேர்த்துக்கொண்டான். ஆனால், ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை!

அவன் பெயர் இரவு ராஜா. தொடரின் பெயர் "கேம் ஆப் த்ரோன்ஸ்". அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் மார்ட்டினின் நாவல்களை வைத்து எச்.பி.ஓ. நிறுவனம் எடுத்தது. 2011-ல் தொடங்கி 2019-ல் முடிந்தது. மொத்தம் 73 பகுதிகள்.

இது டிராகன் கதை. பெரிய உடல், இரண்டு சிறகு, வாயைத் திறந்தால் நெருப்பு! அதுதான் டிராகன். டெனேரிஸ் என்ற இளவரசியிடம் அப்படி மூன்று டிராகன்கள் இருந்தன. அவள் தன் தகப்பன் இழந்த சிங்காசனத்தைத் தேடி வருகிறாள். வடக்கே வானளாவிய பனிச் சுவர். அதற்கு அப்பால் இரவு ராஜாவும் அவனுடைய பிணப் படையும். அவன் பனி ஈட்டி எறிந்து ஒரு டிராகனைக் கொன்றான். கொன்றதையே எழுப்பி, அதன் மேல் ஏறி வந்து சுவரை இடித்தான். இது 2017-ல் வந்தது.

எதற்காக இத்தனையும்? அவனுக்கு என்ன வேண்டும்? பொன்னா, பெண்ணா, நாடா?

வில்லன் வாய் திறக்கவில்லை. ரசிகர்கள் அவனுக்காக வாய் திறந்தார்கள்!

"பழைய ஒப்பந்தம் ஒன்று இருந்திருக்கும், மனிதர்கள் அதை மீறிவிட்டார்கள்" என்றார்கள் சிலர். சுவருக்கு வடக்கே கிராஸ்டர் என்று ஒருவன் இருந்தான். தனக்குப் பிறந்த ஆண் குழந்தைகளை எல்லாம் காட்டில் கொண்டுபோய் விட்டான். பனி மனிதர்கள் அவற்றை எடுத்துச் சென்றார்கள். அவனை மட்டும் தொடவில்லை. அவர்களுக்கும் பேரம் பேசத் தெரியும் என்பதற்கு இது அத்தாட்சி அல்லவா என்று கேட்டார்கள்.

"அவன் டெனேரிசின் வம்சம்தான்" என்றார்கள் வேறு சிலர். இல்லாவிட்டால் டிராகன் அவனை முதுகில் ஏற்றுமா? டிராகன் செத்துப்போனது என்பதை இவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

"பிரான் என்ற சிறுவன்தான் இரவு ராஜா" என்பது மூன்றாவது கட்சி. பிரானுக்கு ஞானதிருஷ்டி உண்டு. மனதால் பழைய காலத்துக்குப் போவான். அப்படிப் போனவன் ஒரு மனிதனின் உடலில் புகுந்து, திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டான் என்று சொன்னார்கள். இருவர் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒற்றுமை பார்த்தவர்களும் உண்டு.

இவை எல்லாம் வெறும் பொழுதுபோக்கா? முழுவதும் அப்படிச் சொல்ல முடியாது. ரசிகர்களுக்கு இந்த ஆசையை மூட்டியதே தொடரை எடுத்தவர்கள்தான்.

2016-ல் ஒரு காட்சி வந்தது. முகம் செதுக்கிய வெள்ளை மரம். அதில் ஒரு மனிதனைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அவன் கண்ணில் பயம். மனிதர்களுக்கு முன்பே அந்த நாட்டில் வாழ்ந்த வனக் குழந்தைகள் அவனைச் சூழ்ந்து நிற்கிறார்கள். மனிதர்கள் வந்து தங்கள் இனத்தை அழிப்பதைத் தடுக்க அவர்களுக்கு ஓர் ஆயுதம் வேண்டியிருந்தது. கருங்கண்ணாடிக் கத்தி மெல்ல அவன் நெஞ்சில் இறங்குகிறது. அவன் அலறுகிறான். கண்கள் நீலமாகின்றன. இரவு ராஜா பிறந்துவிட்டான்!

அவனாக வில்லன் ஆகவில்லை. யாரோ நடத்திய சண்டைக்கு அவனை ஆயுதமாக்கினார்கள். ஆயுதம் கை மீறிப் போய்விட்டது. அந்த அலறலைக் கேட்டவர்கள், "இவன் மனதில் என்ன இருக்கும்?" என்று எண்ணாமல் இருக்க முடியுமா?

பதில் 2019 ஏப்ரலில் வந்தது. "முடிவில்லாத இரவுதான் அவனுக்கு வேண்டும், உலகத்தையே துடைத்துவிடப் பார்க்கிறான்" என்றான் பிரான். அவ்வளவுதான். அடுத்த வாரமே ஆர்யா என்ற பெண் இருளில் பாய்ந்து வந்தாள். ஒரே குத்து! இரவு ராஜா பனிக்கட்டியாக நொறுங்கினான். அங்கேயும் ஒரு வெள்ளை மரம். பிறந்தது போன்ற மரத்தடியிலேயே அவன் கதை முடிந்தது.

எட்டாவது பருவத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்ற மனுவில் 15 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கோபத்துக்குக் காரணங்கள் பல. ஊர் சரணடைந்த மணி அடித்த பிறகும் டெனேரிஸ் அதை எரித்தது பெரிய காரணம். அங்கேயும் ரசிகர்கள் கேட்டது "ஏன்?" என்றுதான்.

தொடரை எடுத்தவர்களுக்கு ஒரு வாதம் உண்டு. இரவு ராஜா என்பவன் மரணம். மரணத்துக்குக் காரணம் கேட்கலாமா, அது பேசினால் பயம் போய்விடாதா என்பது அந்த வாதம். முதலிலிருந்தே அவனை மரணமாக மட்டும் காட்டியிருந்தால் இது எடுபட்டிருக்கும். மரத்தில் கட்டி அலற வைத்த பிறகு எடுபடாது. மரணத்துக்கு ஏது நெஞ்சு? ஏது அலறல்? ரசிகர்கள் கட்டிய கதைகளில் பல ஓட்டைகள் இருக்கலாம். ஆனால், அவர்கள் அந்த மனிதனை மறக்கவில்லை. அவனைப் படைத்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

மார்ட்டின் புத்தகத்தில் இந்த வில்லன் வேறு மாதிரி. அங்கே அவன் ஒரு பழங்கதை. சுவரைக் காக்கும் வீரர்களுக்குப் பதின்மூன்றாவது தலைவனாக இருந்தவன். நீலக் கண்ணும் வெளுத்த மேனியும் கொண்ட ஒரு பெண்ணைக் கண்டு மயங்கினான். அவளை ராணியாக்கினான். வீரர்களை அடிமைப்படுத்திக் கொடுமை செய்தான். கடைசியில், சுவருக்கு இந்தப் பக்கத்து ராஜாவும் அந்தப் பக்கத்து ராஜாவும் கைகோத்து அவனை ஒழித்தார்கள். அவனைப் பற்றிய ஏடுகளை எல்லாம் அழித்தார்கள். அவன் பெயரைச் சொல்லவும் தடை போட்டார்கள்.

பிரான் வீட்டில் ஒரு கிழவி உண்டு. பிள்ளைகளுக்குக் கதை சொல்பவள். "அவன் வேறு யாரோ இல்லை. உன் குடும்பத்தில் பிறந்தவன்தான். உன் பெயர்கூட அவனுக்கு இருந்திருக்கலாம்" என்று அவள் பிரானிடம் சொல்வாள்.