துடிப்பு திரும்பிய பிறகு

நாமக்கல் லாரிப் பட்டறையில் ஒருவர் திடீரென்று சரிந்தால் எல்லோரும் சொல்வது "அட்டாக்". மாரடைப்பு வேறு, இதயம் துடிப்பதே நின்றுபோவது வேறு. துடிப்பு நின்றால் நாலைந்து நிமிடத்தில் மூளை சாகத் தொடங்கும்.

2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸ் பெரிய வரம்தான். ஆனால் ராசிபுரம் பக்கத்துக் கிராமத்துக்கு நாலு நிமிடத்தில் வந்துவிடுமா? அதுவரை அருகில் இருப்பவர்தான் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். நம்மூரில் வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள்!

டென்மார்க்கில் இப்படிப் பிழைத்தவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. அருகில் இருந்தவர் நெஞ்சை அழுத்தியிருந்தால், ஓராண்டுக்குள் மூளைப் பாதிப்பு வருவதும் பராமரிப்பு இல்லத்தில் சேர்வதும் குறைவாக இருந்தது.

"பிழைத்துவிட்டார்" என்றதும் ஊர் கலைந்துவிடும். கஷ்டமே அதற்கப்புறம்தான். மறதி, களைப்பு, காரணமில்லாத பயம். வெளியே காயம் தெரியாததால் வீட்டிலேயே "சோம்பேறி" என்று பெயர் வரும்.

பிழைப்பு? 2021-ல் மைதானத்தில் சரிந்த டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன், நெஞ்சில் டிஃபிப்ரிலேட்டர் கருவி பொருத்தப்பட்டதால் இத்தாலியில் ஆட முடியாமல் இங்கிலாந்து போய் ஆடினார். அதே இங்கிலாந்தில் அந்தக் கருவி உள்ளவருக்கு லாரி ஓட்ட உரிமம் கிடையாது. நியாயமான விதிதான். ஆனால் லாரியை விட்டால் வேறு தொழில் தெரியாத நாமக்கல் டிரைவர் எந்த ஊருக்குப் போவார்?

சேலம் அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளோடு நினைவாற்றல் பரிசோதனைக்கு ஒரு தேதியும், எந்த வேலைக்குப் போகலாம் என்று ஒரு வரியும் எழுதித் தர வேண்டும்.