முற்றத்தில் தமிழ், அடுக்களையில் ஆங்கிலமா?

தமிழ் அமைப்புகள் நடத்தும் இணையத்தளங்கள் பலவற்றின் முகப்பில் தூயதமிழ் பொலிகின்றது. ஆயின், தளத்தை ஆள்பவர் கடவுச்சொல் இட்டு உட்புகுந்ததும் இடப்புறம் தோன்றும் ஆளுகைப் பட்டியைக் காண்பாராயின் நெஞ்சு துணுக்குறும். 'போசுட்சு', 'பேசசு', 'மீடியா' என அயற்சொற்களே அங்கு வரிசையிட்டு நிற்கும். முற்றத்தில் கோலமிட்டு அடுக்களையை அயலானிடம் ஒப்படைத்த வீட்டிற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கேடு பெயரளவில் நின்றுவிடவில்லை. பா, கட்டுரை, நூன்மதிப்புரை, சொல்லாய்வு, கூட்ட அறிவிப்பு ஆகிய யாவும் 'பதிவு' என்னும் ஒரே கூடையில் கொட்டப்படுகின்றன. எது எங்குள்ளது என்பதை அறிந்தவர் ஒரே ஓர் இளைஞர். அவர் வேறு பணிக்குச் சென்றபின், பல்லாண்டு உழைப்பும் தேடுவாரற்றுக் கிடக்கும்.

இதற்குத் தீர்வு எட்டாக் கனியன்று. 2003ஆம் ஆண்டு தோன்றிய வேர்டுபிரசு என்னும் மென்பொருள், 2010 சூன் திங்களில் வெளிவந்த தன் 3.0ஆம் பதிப்பில், உள்ளடக்கத் தனிவகைகளை எளிதில் வகுத்துக்கொள்ள வழிசெய்தது. 'நூல்கள்', 'சொல்லாய்வுகள்' என வகைக்கொரு பெயரைத் தமிழிலேயே பட்டியில் பொறிக்கலாம். இடத்தையும் எண்ணால் குறிக்கலாம்: 5 என இட்டால் பதிவுகளின் கீழும், 20 என இட்டால் பக்கங்களின் கீழும் அவ்வகை அமரும். எண் இடாதுவிட்டால் கருத்துரைகளுக்குக் கீழே தள்ளப்படும். உள்ளே வழங்கும் அடையாளச் சொல் மட்டும் உரோமச் சிற்றெழுத்தில், 20 எழுத்திற்கு மிகாமல் அமைதல் வேண்டும். அங்கும் 'புக்' என எழுதுவானேன்? அவ்வெழுத்திலேயே 'நூல்' என எழுதலாமே! பட்டியிலுள்ள பெயரை என்றும் மாற்றலாம். அடையாளச் சொல்லை மட்டும் பின்னர் மாற்றினால் பழைய ஆக்கங்கள் பட்டியினின்று மறைந்துபோம். ஆகலின் அதனை முதற்கண்ணே எண்ணித் துணிதல் வேண்டும்.

வகுப்பதிலும் அளவு வேண்டும். தொல்காப்பியர் எழுத்து, சொல், பொருள் எனப் பெரும்பிரிவு மூன்றே கண்டு, ஒவ்வொன்றிலும் 9 இயல்களாக 27 இயல்களை அடக்கினார், இருபத்தேழையும் தலைப்பிரிவாக்கினாரல்லர். அவ்வாறே, வெண்பாவிற்கொரு வகை, விருத்தத்திற்கொரு வகை எனப் பெருக்கினால் பட்டி நீண்டு பயன்குன்றும். 'பாக்கள்' என ஒரு வகை போதும். பாவினங்களை அதன் உட்பாகுபாடுகளாகக் கொள்க. சிறு வகைகளைப் பெருவகை ஒன்றன்கீழ்த் துணைப்பட்டியாக அடக்கவும் இயலும்.

"காண்பவர் கண்ணுக்குப் படாத இடத்தில் எம்மொழி இருந்தாலென்ன?" என்பார் உளர். கண்ணுக்குப் படாத வேர்தான் மரத்தைத் தாங்குகின்றது. ஆங்கிலம் அறியாத முதுபுலவரும், சிற்றூர்த் தமிழாசிரியரும் தாமே உட்புகுந்து தம் ஆக்கத்தை உரிய இடத்தில் சேர்க்கும் நாளே அத்தளம் தமிழர் தளமாகும். அதுவரை அது தமிழ்ப் பலகை மாட்டிய அயலார் கடையே. தமிழமைப்பினர் இன்றே தம் அடுக்களையைத் திறந்து பார்க்க! வகை பிரிக்க! தமிழிற் பெயரிடுக!